மூன்று தோல்விகளின் கணக்கு

கல்லூரி ஆட்டத்தில் 50 வெற்றி கண்ட கெல்லன் மூரைத் தொழில்முறை அணி எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை. 13 ஆண்டுகள் கழித்து ஓர் அணியே அவர் கைக்கு வந்தது.

2010 நவம்பர் 26. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள ரீனோ நகரம். ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகளே. இரு அணிகளும் 31-31 என்று சமநிலை. பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் இடக்கை ஆட்டக்காரர் கெல்லன் மூர் பந்தை உயர எறிந்தார். ஓடிக்கொண்டிருந்த சக ஆட்டக்காரர் டைட்டஸ் யங் பாய்ந்து பிடித்தார். ஒரே எறியில் 53 கெஜம். இனி 26 கெஜ தூரத்திலிருந்து பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் போதும். அந்த மட்டத்தில் ஆடுபவருக்கு அது கஷ்டமான உதை அல்ல.

பந்து வலப்பக்கமாக விலகிப் போனது. கூடுதல் நேரத்தில் 29 கெஜத்திலிருந்து இன்னொரு வாய்ப்பு. அதுவும் தவறியது. நெவாடா 34-31 என்று வென்றது.

மூர் நான்கு ஆண்டுகள் பாய்சி அணியை நடத்தினார். 53 ஆட்டங்கள். 50 வெற்றி. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் உயர்ந்த பிரிவில் அதற்கு முன் எந்த குவார்ட்டர்பேக்கும் எட்டாத எண்ணிக்கை அது. முந்தைய சாதனை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோல்ட் மெக்காய் பெற்ற 45. மூர் கண்ட தோல்விகள் மூன்றே மூன்று: 2008-ல் டி.சி.யு. அணியிடம் 17-16, 2010-ல் நெவாடாவிடம் 34-31, 2011-ல் மீண்டும் டி.சி.யு.விடம் 36-35. மூன்றையும் சேர்த்தால் ஐந்து புள்ளி வித்தியாசம். கடைசித் தோல்வியும் கடைசி விநாடியில் தவறிய ஓர் உதையால் வந்ததுதான்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிந்து பிடிப்பார்கள். கால் தேவைப்படும் சொற்ப நேரங்களில்தான் மூரின் அணி இரண்டு முறை கவிழ்ந்தது. அப்போது அவர் மைதானத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தின் அடிப்படை சுலபமானது. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கையில். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பலர் அவரை வீழ்த்த ஓடி வருகிறார்கள். மூன்று விநாடி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்குள் யாருக்கு எறிவது, எறிவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். கிரிக்கெட்டில் காப்டன், தொடக்க ஆட்டக்காரர் இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே இருந்து, அவர் ஒவ்வொரு பந்தையும் சந்திக்க வேண்டும் என்றால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்த வேலைக்கு மூர் பிறப்பிலேயே தயாரானவர். வாஷிங்டன் மாநிலத்தில் ப்ராஸர் என்ற சின்ன ஊர். திராட்சையும் செர்ரியும் விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கு. அவருடைய தந்தை டாம் மூர் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்து நான்கு மாநிலப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தவர். 1988-ல் பிறந்த கெல்லனும் தம்பி கிர்பியும் மைதானத்தின் ஓரத்திலேயே வளர்ந்தார்கள். சங்கீத வித்வான் வீட்டுப் பிள்ளைக்குத் தாளம் தானாக வருவதுபோல கெல்லனுக்கு வியூகம் வந்தது. பள்ளி நாட்களில் அவர் எறிந்த டச்டவுன்கள் 173. வாஷிங்டன் மாநிலத்தில் அது அன்றைய சாதனை.

ஆனாலும் பெரிய பல்கலைக்கழகங்கள் அவருக்காகப் போட்டி போடவில்லை. உயரம் ஆறடி. இந்த ஆட்டத்தில் அது குட்டை. கையில் பலம் சுமார். ஓட்டமும் அப்படித்தான். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி அழைத்தது, போனார். மைதானத்தில் நீல நிறச் செயற்கைத் தரையை 1986-ல் விரித்ததால் பெயர் பெற்ற பல்கலைக்கழகம் அது. ஆட்டத்திலும் அவ்வப்போது பெரியவர்களை மண்ணைக் கவ்வவைக்கும். என்றாலும் பெரிய சங்கங்களில் இடமில்லாத, சற்று ஒதுக்குப்புறமான அணிதான்.

மூரின் ரகசியம் கையில் இல்லை, கண்ணில் இருந்தது. எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்தே அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படித்துவிடுவார். பந்தைப் பிடிக்க வேண்டியவர் திரும்பிப் பார்க்கும் முன்பே, அவர் வந்து சேரவேண்டிய இடத்துக்குப் பந்து புறப்பட்டிருக்கும். வேகமாக எறியத் தெரியாதவர் சீக்கிரமாக எறிந்தார். பயிற்சியாளர் க்ரிஸ் பீட்டர்சன் இந்தத் திறமையை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். 2009 பருவத்தில் 14 ஆட்டம், 14 வெற்றி. ஃபியஸ்டா பௌல் போட்டியில் டி.சி.யு.வைப் பழிவாங்கியதும் அதில் அடக்கம். நான்கு ஆண்டுகளில் 14,667 கெஜம், 142 டச்டவுன். எதிரணியின் கைக்குப் போன எறிகள் 28 மட்டுமே. கல்லூரி ஆட்டக்காரர்களில் ஆண்டுதோறும் சிறந்தவருக்குத் தரும் ஹைஸ்மன் பரிசுக்கான வாக்கெடுப்பில் 2010-ல் நான்காவது இடம்.

சிறிய அணியின் சாபம் ஒன்று உண்டு. பெரிய பல்கலைக்கழகம் ஒரு முறை தோற்றால் மன்னிப்பு கிடைக்கும். பாய்சிக்குக் கிடைக்காது. ரீனோவில் தவறிய உதைகளால் அந்த ஆண்டு நாட்டின் தலைசிறந்த ஆட்டங்களுக்கான வாய்ப்பு பறிபோனது. அணி லாஸ் வேகஸில் ஒரு சின்னப் போட்டிக்கு அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டும் ஒரே ஒரு தோல்வி, மீண்டும் லாஸ் வேகஸ். தன் 50-வது வெற்றியை மூர் அங்குதான் பெற்றார். அரிசோனா ஸ்டேட்டை 56-24 என்று வென்ற ஆட்டம்.

அடுத்தது தொழில்முறை. தேசிய ஃபுட்பால் லீகின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏலம்போல வரிசையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் என்ற சடங்கு ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. பணம் கைமாறாது, முறைதான் வரும். அதற்கு முன் மாட்டுச் சந்தை தோற்கும்படியாக ஒரு பரிசோதனை. உயரம், எடை, உள்ளங்கையின் அகலம், 40 கெஜ ஓட்டம் எல்லாம் அளக்கப்படும். 2012 டிராஃப்டில் ஏழு சுற்றுகளில் 253 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் 11 பேர் குவார்ட்டர்பேக்குகள். கடைசி ஆளாக, 253-வதாக அழைக்கப்பட்டவரும் ஒரு குவார்ட்டர்பேக்தான். மூரின் பெயர் வரவேயில்லை.

உயரம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. மூரைவிடக் குள்ளமான ரஸ்ஸல் வில்சனை அதே ஆண்டு சியாட்டில் அணி மூன்றாவது சுற்றில் எடுத்தது. இரண்டாவது பருவத்திலேயே வில்சன் சூப்பர் பௌல் பட்டம் வென்றார். ஆனால் வில்சனால் ஓட முடியும், தொலைதூரம் எறிய முடியும். மூரிடம் இருந்ததை அளக்க டேப் கிடையாது.

இந்திய ரசிகர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. அமோல் மஜும்தார் 1993-94 பருவத்தில் பம்பாய்க்கு ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ரன் எடுத்தார். முதல்தர கிரிக்கெட்டில் 11,000 ரன்களுக்கு மேல் குவித்தார். இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றபோது அதன் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். ஒரு வித்தியாசம் உண்டு. மஜும்தாருக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் அதில் டிராவிட், கங்குலி, லக்ஷ்மண் இருந்தது. மூரை நிராகரித்தவர்கள் அவருக்குத் தகுதியே இல்லை என்று நினைத்தார்கள்.

டிராஃப்டில் தேறாதவர்களை அணிகள் குறைந்த சம்பளத்தில் தனியாகச் சேர்த்துக்கொள்வதுண்டு. டெட்ராய்ட் லயன்ஸ் மூரைச் சேர்த்தது. அங்கு மூன்று ஆண்டுகள் மூன்றாவது ஆளாக இருந்தார். 2012, 2013, 2014 பருவங்களில் ஒரு ஆட்டத்தில்கூட மைதானத்தில் இறங்கவில்லை. கூட்டங்களில் உட்கார்ந்தார், படம் பார்த்தார், குறிப்பு எடுத்தார். டெட்ராய்ட்டில் தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்காட் லினஹன் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்கு மாறினார். 2015-ல் மூரும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

டாலஸில் திடீரென்று கதவு திறந்தது. முதல் ஆட்டக்காரர் டோனி ரோமோ காயம். அடுத்து வந்தவர்கள் சோபிக்கவில்லை. 2015 டிசம்பர் 19 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக நடு ஆட்டத்தில் மூர் இறக்கப்பட்டார். மூன்று எறிகள் எதிரணியிடம் சிக்கின. டாலஸ் தோற்றது. அடுத்த வாரம் பஃபலோவில் தொடக்கத்திலிருந்தே ஆடினார். தோல்வி. ஜனவரி 3 அன்று வாஷிங்டனுக்கு எதிராக 435 கெஜம், மூன்று டச்டவுன். அப்போதும் தோல்வி.

கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் மூன்று தோல்வி. இங்கே மூன்று வாரத்தில் மூன்று. தொழில்முறை ஆட்டக்காரராக கெல்லன் மூரின் மொத்த வாழ்க்கை அவ்வளவுதான். நான்கு டச்டவுன், எதிரணியிடம் பறிகொடுத்தது ஆறு.

இருந்தாலும் அடுத்த பருவத்துக்கு ரோமோவின் மாற்று ஆளாக அவரைத்தான் அணி குறித்து வைத்திருந்தது. 2016 ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சி முகாமில் மூரின் கால் எலும்பு முறிந்தது. அதே மாதக் கடைசியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ரோமோவின் முதுகு அடிபட்டது. வரிசையில் அடுத்தவர் நான்காவது சுற்றில் எடுக்கப்பட்ட 23 வயதுப் பையன் டாக் ப்ரெஸ்காட். அந்தப் பருவத்தில் டாலஸ் 13 ஆட்டங்களில் வென்றது. அதன் பிறகு ரோமோவே தன் இடத்தைத் திரும்பப் பெறவில்லை.

மூரின் கால் முறியாமல் இருந்திருந்தால்? ரோமோ விழுந்ததும் அவர் இறங்கியிருப்பார். சில ஆட்டங்கள் வென்றிருக்கலாம், தோற்றிருக்கலாம். ப்ரெஸ்காட்டின் நேரம் தள்ளிப் போயிருக்கும். மூர் இன்னும் சில ஆண்டுகள் மாற்று ஆளாக ஊர் ஊராகப் போயிருப்பார். இப்படி யோசிப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் மூரின் வாழ்க்கையில் மிகவும் பலன் தந்த காயம் அதுதான் என்று சொன்னால் தவறாகாது.

2018-ல் ஆட்டத்தை விட்டார். வயது 29. அதே டாலஸ் அணி அவரைக் குவார்ட்டர்பேக்குகளின் பயிற்சியாளராக நியமித்தது. அவரிடம் வந்த மாணவர் ப்ரெஸ்காட். தன் இடத்துக்கு வந்தவருக்கே தன் கண்ணைக் கடன் கொடுக்கும் வேலை. ஓராண்டில் லினஹன் விலக்கப்பட்டார். தன்னை டாலஸுக்குக் கொண்டுவந்தவரின் நாற்காலியில், 2019 ஜனவரியில், 30 வயதில் மூர் உட்கார்ந்தார். தாக்குதல் பிரிவு முழுதும் அவர் பொறுப்பு. அவரைவிட ஆறு வயது மூத்த ஜேசன் விட்டன் அந்த ஆண்டு அவர் சொல்லும் ஆட்டத்தை ஆடினார். கெஜக் கணக்கில் அந்தப் பருவத்தில் லீகின் முதல் அணி டாலஸ். 2021-ல் கெஜம், புள்ளி இரண்டிலுமே முதலிடம்.

இந்தப் பதவியின் வேலை விசித்திரமானது. 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு வானொலிக் கருவி இருக்கிறது. மைதானத்தின் ஓரத்திலிருந்தோ மேலே கண்ணாடி அறையிலிருந்தோ பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்தைச் சொல்வார். பெரும்பாலும் ஒவ்வொரு முயற்சிக்கும் 40 விநாடி அவகாசம். அதில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அதன் பிறகு எதிரணி இடம் மாறுவது பயிற்சியாளர் கண்ணுக்குத் தெரிந்தாலும் சொல்ல வழியில்லை. பாய்சியில் மூர் புகழ்பெற்றதே அந்தக் கடைசி விநாடிகளில் பார்த்துப் புரிந்துகொண்டதற்காகத்தான். இப்போது சரியாக அந்த இடத்தில் அவர் குரல் அறுபடுகிறது.

2022 ஜனவரி 16. டாலஸில் பிளேஆஃப் ஆட்டம். சான் ஃபிரான்சிஸ்கோ 23, டாலஸ் 17. மிச்சம் 14 விநாடி. ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை தீர்ந்துவிட்டது. எறிவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது ப்ரெஸ்காட் பந்தோடு நடுவில் ஓடினார். 17 கெஜம் முன்னேறி விழுந்தார். இனி வேகமாக வரிசையில் நின்று பந்தைத் தரையில் அடித்தால் கடிகாரம் நிற்கும், கடைசியாக ஓர் எறி எறியலாம். ஆனால் நடுவர் வந்து பந்தைத் தொட்டு வைத்த பிறகுதான் ஆட முடியும். அவர் கூட்டத்தில் முட்டி மோதி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பதினான்கு விநாடியில் அப்படி ஓடச் சொல்லலாமா என்று நாடு முழுதும் விவாதம். தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தியையும் மூரையும் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. முன்பு வேறொருவர் காலால் தோற்றபோது மூர்மீது அனுதாபம் இருந்தது. இந்த முறை வேறொருவர் ஓட்டத்தால் தோற்றதற்குப் பழி அவருடையது. அடுத்த ஆண்டும் அதே சான் ஃபிரான்சிஸ்கோவிடம் பிளேஆஃபில் தோல்வி. மூரும் டாலஸும் பிரிந்தார்கள்.

2023-ல் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குவார்ட்டர்பேக் காயம்பட்டார், தலைமைப் பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார், மூரும் கிளம்பினார்.

2024-ல் போய்ச் சேர்ந்த இடம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். தன் வாழ்நாள் முழுதும் பந்தை எறிந்தவர், எறியக் கற்றுக்கொடுத்தவர் அங்கு செய்தது, எறிவதைக் குறைத்தது. அந்த அணியில் சாக்வான் பார்க்லி என்ற அபாரமான ஓட்டக்காரர் இருந்தார். அவருக்கு வழிவிட மலைபோன்ற முன்வரிசையும் இருந்தது. மூர் தன் பெருமையை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பந்தை அவர் கையில் திரும்பத் திரும்பக் கொடுக்கச் செய்தார். வழக்கமான பருவத்திலேயே பார்க்லி 2,005 கெஜம் ஓடினார். லீகின் வரலாற்றில் 2,000 கெஜத்தைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தன் கைவசம் உள்ள வித்தையைக் காட்டவேண்டும் என்ற ஆசையில் அணிகளைக் கெடுத்த பயிற்சியாளர்கள் எல்லா ஆட்டத்திலும் இருக்கிறார்கள். டாலஸில் மூருக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்திருக்கலாம்.

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூப்பர் பௌல். எதிரே, தொடர்ந்து மூன்றாவது பட்டத்துக்குக் குறிவைத்திருந்த கான்சாஸ் சிட்டி. பார்க்லியைத் தடுக்க அவர்கள் எல்லா ஏற்பாடும் செய்து வந்தார்கள், தடுத்தும் காட்டினார்கள். ஃபிலடெல்ஃபியாவின் தற்காப்பு எதிரியை நொறுக்க, குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் எறிந்தும் ஓடியும் ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரானார். 40-22.

இரண்டு நாள் கழித்து அதே நகரத்தின் அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் மூரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. அந்த ஆண்டு காலியான தலைமைப் பதவிகளில் கடைசியாக நிரம்பியது அதுதான். வயது 36. அன்று லீகில் அவரைவிட இளைய தலைமைப் பயிற்சியாளர் இல்லை. 2006 முதல் 2020 வரை அந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடிய குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸின் உயரமும் ஆறடிதான்.

வந்ததும் சிக்கல். அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் டெரக் கார் தோள் காயத்தால் மே மாதத்தில் ஓய்வு பெற்றார். மிச்சமிருந்தவர்கள் பெரிதாக வென்று பழகாத இளைஞர்கள். முதலில் ஸ்பென்சர் ராட்லருக்கு வாய்ப்பு. முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. ஐந்தாவது வாரம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை 26-14 என்று வென்றது மூரின் முதல் வெற்றி. மறுபடி தோல்விகள். எட்டு ஆட்டம் முடிந்தபோது கணக்கு ஒன்றுக்கு ஏழு.

அப்போது டைலர் ஷஃப் என்ற புதியவரை இறக்கினார். மூன்று பல்கலைக்கழகங்களில் ஏழு ஆண்டுகள் சுற்றி, நடுவே எலும்பு முறிவுகளையும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் இரண்டாவது மூன்றாவது தொழில்முறைப் பருவத்தில் இருக்கும் வயதில் டிராஃப்டுக்கு வந்தவர். முதல் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியிடம் 34-10 என்று அடி. அடுத்த வாரம் கரோலினாவில் 17-7 என்று வெற்றி. ஷஃப் தொடக்கத்திலிருந்து ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ஐந்தில் செயின்ட்ஸ் வென்றது. பருவம் முடிந்தபோது 6 வெற்றி, 11 தோல்வி.

அந்த ஒன்பது ஆட்டங்களிலும் அடுத்த ஆட்டத்தை ஷஃபின் காதில் சொன்னது மூர்தான். தலைமைப் பதவிக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.